நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டால் போதுமா?

சென்னையில் சுகரும் பிரஷரும் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. கிராமங்களைவிட நகரங்களில் அதிகம். பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் பயந்துபோய் நாம் செய்கிற மாற்றங்கள் பலவும் வெறும் பெயர் மாற்றம்தான்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் போகிறோம். ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 'இது நல்லதுதானே' என்று ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போடுகிறவர்களும் உண்டு. இந்துப்பும் அப்படியே. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்; அயோடின் சேர்க்காத பாக்கெட் என்றால் அந்த நன்மையும் போச்சு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு தட்டில் இருக்கிறது. காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பவர் காலையில் இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசியே சாப்பிடுகிறார். 2001-ல் சென்னையில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், தீட்டிய தானியம் அதிகம் சாப்பிட்டவர்களிடம் நீரிழிவும் அதிகமாக இருந்தது. சரி, சப்பாத்திக்கு மாறலாமா? நாலைந்து சப்பாத்தி உள்ளே போனால் பெரிய லாபமில்லை. கேழ்வரகையும் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும் மீனும் வரட்டும்.

'நான் ஒல்லி, எனக்கு வராது' என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். எடை பார்க்கும் மெஷின் தொப்பையைக் காட்டிக்கொடுக்காது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளக்கக் கூடாது!

மெரினாவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு, அப்புறம் ஓஎம்ஆர் அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலையில் நடந்ததன் பலன் குறைகிறது. நடை முடிந்ததும் வடை சாப்பிடுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

'சுகர் பார்டர்தான், இன்னும் நீரிழிவு ஆகவில்லை' என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பதும் தவறு. மாற்றத்துக்குப் பலன் கிடைக்கிற காலமே அதுதான். சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பார்டரில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் மாற்றியதில், மூன்றாண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பதில் பயனில்லை. ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடும். பிரஷர் 120-க்கு வந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. பெரும்பாலும் அந்த 120-ஐக் கொடுத்ததே மாத்திரைதான். வாங்கப் போக நேரமில்லை என்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 முதல் சுகர், பிரஷர் மாத்திரைகளை அத்திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.