பெயரைத் தேடாதீர்கள், வயலைத் தேடுங்கள்: ஊர்ப் பக்கத்து முன்னோரைக் கண்டுபிடிக்கும் வழி

பூர்வீகம் தேடக் கிளம்புகிற எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ஒரு பெயர். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் நம்மிடம் இருப்பதால் ஒரே கிராமத்தில், ஒரே பங்காளி வகையறாவில், ஒரே காலத்தில் நாலு முனுசாமி இருப்பார்கள். முனுசாமி மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் முனுசாமி என்று அது சுற்றிக்கொண்டே போகும். அப்படித்தான் வேறு யாருடைய தாத்தாவையோ என் தாத்தா என்று நினைத்து எனக்கு ஒரு வருஷம் போனது. ஆள் இடம் மாறுவார், பெயரைச் சுருக்கி எழுதுவார்கள், ஜில்லாவே மாறிப்போகும். வயல் மட்டும் நகராது.

நான் வில்லிவாக்கத்தில் இருந்துகொண்டு தேடியது வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தை. கையில் இருந்தது மூன்றே விஷயம்: அப்பாவின் பெயருக்கு முன்னால் நின்ற ஊர் இனிஷியல், கொள்ளுத்தாத்தா "பஞ்சத்தில் பிறந்தவர்" என்ற வீட்டுப் பேச்சு, டிரங்குப் பெட்டியில் மடிப்பெல்லாம் கிழிந்து கிடந்த ஒரு பத்திரம்.

ஆபீஸ் வாசலுக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் உட்காருங்கள். பத்திரம் இன்னும் பத்து வருஷம் காத்திருக்கும், அவர்கள் காத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் "தாத்தா எந்த வருஷம் பிறந்தார், அவர் அப்பா பேர் என்ன" என்று விண்ணப்பப் படிவம் மாதிரி கேட்டால் "எனக்கென்னப்பா தெரியும்" என்றுதான் வரும். சாவையும் கல்யாணத்தையும் கேளுங்கள். யார் வீட்டில் செத்தால் நமக்குத் தீட்டு? யார் கொள்ளி வைத்தார்? காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது? பெரம்பூரில் இருக்கும் என் பெரிய அத்தையிடம் இப்படிக் கேட்டதும், "பனந்தோப்பு வீட்டுக்காரங்க நமக்குத் தீட்டு, மேலத்தெருவுல நாம பொண்ணு கொடுத்திருக்கோம்" என்று ஒரே மூச்சில் சொன்னார். யோசித்துப் பாருங்கள், தீட்டு உண்டென்றால் பங்காளி, பெண் கொடுத்திருந்தால் சம்பந்தி. ஒரு வாக்கியத்தில் பாதி வம்சாவளி வந்துவிட்டது. சொன்னவர் பெயர், சொன்ன தேதி இரண்டையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள், பின்னால் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது தேவைப்படும்.

வீட்டுக் கதையில் வரும் காலத்தையும் ஆண்டாக மாற்றிவிடலாம். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876-78. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்ட வருஷம் என்றால் 1914 செப்டம்பர், அதாவது ஆனந்த வருஷம் புரட்டாசி. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும், தாது மறுபடியும் 1936-ல் வந்தது, அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் பக்கத்தில் இன்னொரு சம்பவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை நம்பி எதையும் கட்டாதீர்கள். ஜூன் மாதத்தில் சேர்ப்பதற்கு வசதியாக வாத்தியார் போட்ட தேதிகள் ஏராளம். அதே பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் தகப்பனார் பெயரும் ஊரும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சரி, பத்திரத்துக்கு வருவோம். பழைய பத்திரம் ஒன்று கிடைத்தால் அவசரப்பட்டு லேமினேட் செய்யாதீர்கள். வெளிச்சத்தில் விரித்து, போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, பெரிதாக்கி எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ என்றால் மேற்படி. "பிதுரார்ஜிதம்" என்று இருந்தால் அது தகப்பன் வழி வந்த சொத்து, அதாவது அந்த ஊரில் அவருக்கு முன்னாலேயே ஒரு தலைமுறையாவது இருந்திருக்கிறது. "சுயார்ஜிதம்" என்றால் அவரே சம்பாதித்து வாங்கியது, அப்போது அவர் வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவரா என்றும் பார்க்க வேண்டும். பத்திரங்களில் எனக்கு எப்போதும் முதல் இடம் பாகப்பிரிவினைதான், ஏனென்றால் கிரயப் பத்திரத்தில் விற்றவரும் வாங்கியவரும்தான் இருப்பார்கள், பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி அத்தனை பேரும் வயதோடு, தகப்பன் பெயரோடு, மைனராக இருந்தால் கார்டியனோடு வரிசையாக நிற்பார்கள்.

அப்புறம் நான்கெல்லை. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "வடக்கே இன்னார் நஞ்சைக்கும், கிழக்கே வாய்க்காலுக்கும்" என்று வருகிற அந்த இன்னார் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார், ஏனென்றால் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த நிலத்தைத்தான் துண்டு போட்டிருக்கிறார்கள். எங்கள் பத்திரத்தில் வடக்கு எல்லையில் இருந்த பெயர் அத்தை சொன்ன பனந்தோப்பு வீட்டுப் பெயர். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் இது நம் குடும்பத்துப் பத்திரம் என்று எனக்கு நிச்சயமானது.

பத்திரம் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. பின்பக்கம் பதிவு முத்திரைக்குக் கீழே புத்தகம், வால்யூம், பக்கம், எண், வருஷம் எழுதியிருக்கும், அதைக் கொடுத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனு போடலாம். பத்திரமே இல்லை என்றாலும் அட்டவணை இருக்கிறது: ஒன்று எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர் வாரியாக, இன்னொன்று சொத்து வாரியாக. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி முதல் புத்தகத்தையும் (நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியும் புத்தகம்) அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நீங்கள் வாரிசு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் அது பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியது. அதற்கு முந்தியதற்கு நேரில்தான் போக வேண்டும். திங்கட்கிழமையும் முகூர்த்த நாளும் வேண்டாம், கூட்டத்தில் உங்கள் பழைய வால்யூமை எடுத்துக் கொடுக்க யாருக்கும் கை ஒழியாது.

பழைய சர்வே எண்ணை இன்றைய பட்டா தளத்தில் அப்படியே போட்டால் வேறு யாருடைய நிலமோ வரும். 1980 வாக்கில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் திட்டத்தில் ஏகப்பட்ட எண்கள் மாறியிருக்கின்றன, தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கேளுங்கள். வருவாய்க் கணக்கில் வருஷத்தைப் பசலி என்ற தனிக் கணக்கில் எழுதுவார்கள். "பசலி 1320" என்று இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள், 1910 ஜூலையில் தொடங்கி 1911 ஜூனில் முடிகிற வருஷம். ஜில்லா பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள்: இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் வந்தவாசி 1989 வரை வட ஆற்காடு, ஆகவே பழைய கணக்கெல்லாம் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி, எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் இருக்கும் ஆவணக் காப்பகம். 1909-ல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று ஆரம்பித்தது. அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அங்கே "என் தாத்தா" என்று கேட்பதில் பயன் இல்லை. ஜில்லா, தாலுகா, கிராமம், வருஷம் என்று எழுதிக்கொண்டு போய் அந்தக் கிராமத்தின் செட்டில்மெண்ட் பதிவேட்டை, அதாவது நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய பதிவேட்டை, கேளுங்கள், சர்வே எண்ணுக்கு நேராகப் பட்டாதாரர் பெயர் இருக்கும்.

இவ்வளவும் நிலம் இருந்தவர்களுக்கு. நிலமே கொடுக்கப்படாத குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவர்களுக்கும் பூர்வீகம் உண்டு, தேடும் இடம்தான் வேறு. 1892 அரசாணைக்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களின் கணக்கைப் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடு. கடல் கடந்து போனவர் என்றால் கப்பல் பட்டியல்: 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களுக்குத் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதிவைத்திருக்கிறார்கள். ஊரில் பட்டாவே இல்லாத ஒரு மனிதரைப் பற்றி அந்த ஒரு வரியில் இருக்கிற அளவுக்கு வேறெங்கும் கிடைக்காது.

காகிதம் எல்லாம் நின்றுபோகிற இடத்தில் குலதெய்வம் கோயில் இருக்கிறது. மாசி சிவராத்திரிக்கோ ஆடிப் பொங்கலுக்கோ போங்கள், கோயில் வரி வசூலிப்பவரிடம் தலைக்கட்டு நோட்டு, அதாவது குடும்பவாரியாகப் பெயர் எழுதிய நோட்டு, இருக்கும், பழைய நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெளியூருக்குப் போன பங்காளி யார் யார் என்று அங்கே தெரியும்.

கடைசியாகப் பெண்கள். பட்டாவில் அவர்கள் பெயர் வருவது அபூர்வம், வம்சாவளி எழுதும்போது "மனைவி" என்று ஒரு கோடு போட்டுவிட்டு ஆண்களோடு நகர்ந்துவிடுகிறோம். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். எங்கள் பத்திரம் விளம்பி வருஷத்தது, 1898. அதில் கொள்ளுத்தாத்தாவுக்கு "வயது சுமார் 22", பஞ்சத்தில் பிறந்தவர் என்ற பேச்சோடு பொருந்துகிறது. அவர் கடைசித் தம்பி மைனர், கார்டியன் தாயார். கையெழுத்து இடத்தில் ஒரு சிறிய பெருக்கல் குறி, அதைச் சுற்றி எழுத்தர் கையில் "இன்னாள் கீறல்" என்று என் எள்ளுப்பாட்டியின் பெயர். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத பெயர். அன்றைக்குச் சாயங்காலமே பெரம்பூர் போய் அத்தையிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எங்க அத்தைக்கு அவங்க பேரத்தான் வச்சிருக்காங்க" என்றார்.