நனைந்த பஞ்சுக்கு யார் பொறுப்பு? சரக்குச் சட்டங்களை இணைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உஸ்பெகிஸ்தானின் தாஷ்கந்தில் ஒரு ரயில் பெட்டியில் பஞ்சுப் பொதிகளை ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி துர்க்மெனிஸ்தானைக் கடந்து, துர்க்மென்பாஷி துறைமுகத்தில் கப்பலேறி, காஸ்பியன் கடலைத் தாண்டி அஜர்பைஜானின் பாகுவில் இறங்குகிறது. பிறகு ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தைச் சேர்கிறது. அங்கே கதவைத் திறந்தால் பொதிகள் நனைந்திருக்கின்றன. இழப்பீடு யார் தருவது?

1991 வரை இந்தப் பயணம் முழுவதும் சோவியத் ஒன்றியம் என்ற ஒரே நாட்டுக்குள், மாஸ்கோ இயற்றிய சட்டங்களுக்குள் அடங்கியிருந்தது. இன்று அதே பாதையில் நான்கு நாடுகள் இருக்கின்றன. இந்த நாடுகளின் சரக்குச் சட்டங்களை ஒன்றோடொன்று இணங்கச் செய்ய உட்காருபவர்கள் முதலில் இந்தப் பெட்டியோடு கூடவே மனத்தளவில் பயணம் செய்ய வேண்டும். பெரும்பாலான தவறுகள் அதைச் செய்யாததால்தான் நேர்கின்றன.

முதலாவது, மாதிரிச் சட்டம் வந்துவிட்டால் ஒருமைப்பாடும் வந்துவிடும் என்று நம்புவது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அமைந்த சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு 1994-ல் ஒரு மாதிரி உரிமையியல் சட்டத்தின் முதல் பகுதியை ஏற்றது. நல்ல முயற்சிதான். ஆனால் மாதிரிச் சட்டம் எவரையும் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு நாடாளுமன்றமும் தனக்கு ஏற்றபடி திருத்தலாம், ஒரு பகுதியை விட்டுவிடலாம். தலைப்புகள் ஒன்றாக இருக்கும். தாமதத்துக்கான பொறுப்பும் வழக்குத் தொடரும் காலக்கெடுவும் நாட்டுக்கு நாடு மாறிவிடும். சரக்கின் உரிமையாளருக்கு இவைதான் முக்கியம்.

இரண்டாவது தவறு எனக்கு மிகவும் உறுத்துவது: பாதையின் நடுவில் இருக்கும் நாட்டை வெளியே விட்டு ஒப்பந்தம் செய்வது. ஐரோப்பா, காகசஸ், மத்திய ஆசியாவை இணைக்கும் டிராசெக்கா திட்டம் 1993-ல் பிரஸ்ஸல்ஸில் எட்டு நாடுகளோடு தொடங்கியது. 1998-ல் பாகுவில் அதன் அடிப்படை ஒப்பந்தத்தில் 12 நாடுகள் கையெழுத்திட்டன. துர்க்மெனிஸ்தான் கையெழுத்திடவில்லை. நம் பஞ்சுப் பெட்டி கப்பலேறும் துறைமுகம் அந்த நாட்டில்தான் இருக்கிறது! கையெழுத்துகளின் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதற்கு முன், வரைபடத்தில் பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

இணக்கம் இல்லாவிட்டால் என்ன செலவாகும் என்பதற்கு உஸ்பெகிஸ்தானே சான்று. தன் கிழக்கிலுள்ள ஃபெர்கானா பள்ளத்தாக்குக்கு ரயில் அனுப்ப அது தஜிகிஸ்தான் எல்லைக்குள் நுழைந்து வெளியே வர வேண்டியிருந்தது. கடைசியில் 19.2 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையைக் குடைந்து, தன் எல்லைக்குள்ளேயே செல்லும் அங்ரென்–பாப் ரயில் பாதையை 2016-ல் திறந்தது.

மூன்றாவதாக, பன்னாட்டு உடன்படிக்கையில் பாதி சேர்வது. சாலை வழிச் சரக்குக்கான 1956-ஆம் ஆண்டின் சிஎம்ஆர் உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூல வாசகம் இழப்பீட்டு வரம்பைத் தங்க ஃபிராங்கில், அதாவது குறிப்பிட்ட எடைத் தங்கத்தின் மதிப்பைக் கொண்ட பழைய கணக்கு அலகில், சொல்கிறது: கிலோவுக்கு 25 ஃபிராங்க். இன்று எந்த நீதிபதி தங்க ஃபிராங்கை உள்ளூர்ப் பணமாகக் கணக்கிட்டுத் தீர்ப்புச் சொல்வார்? இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 1978-ல் ஒரு கூடுதல் நெறிமுறை வந்தது. அது பன்னாட்டு நாணய நிதியம் முக்கிய நாணயங்களின் மதிப்பைக் கொண்டு கணக்கிடும் எஸ்டிஆர் அலகில் கிலோவுக்கு 8.33 என்று வைத்தது. இதில் தனியாகச் சேர வேண்டும். உடன்படிக்கையில் மட்டும் சேர்ந்து நெறிமுறையை மறந்த நாட்டின் வணிகருக்குக் கையில் கிடைப்பது தங்க ஃபிராங்க் கணக்குதான்.

ரயிலில் வேறொரு சிக்கல். சோவியத் வழிவந்த நாடுகள் 1951-ஆம் ஆண்டின் எஸ்எம்ஜிஎஸ் என்ற பன்னாட்டு ரயில் சரக்கு விதிகளைப் பின்பற்றின. மேற்கு ஐரோப்பாவில் அதற்கு இணையான சிஐஎம் விதிகள். தண்டவாள அகலமும் வேறு: சோவியத் வழிவந்த நாடுகளில் 1520 மில்லிமீட்டர், மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் 1435. இழப்பீட்டுக் கணக்கும் வேறு: சிஐஎம் கிலோவுக்கு 17 எஸ்டிஆர் என்று வரம்பு கட்டுகிறது, எஸ்எம்ஜிஎஸ் சரக்கின் மதிப்பைப் பார்க்கிறது. இரண்டில் ஒன்றை ஒழித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஆண்டுகள் ஓடிவிடும். 2006-ல் நடைமுறைக்கு வந்த பொதுச் சரக்கு ரசீது இரண்டு விதிகளையும் அப்படியே விட்டுவிட்டு, ஒரே தாளில் இரண்டுக்கும் இடம் தந்தது. எல்லையில் ரசீதைத் திரும்ப எழுதும் வேலை குறைந்தது, அதனால் எழுத்துப் பிழைகளும் குறைந்தன. இந்தப் பணிவான தீர்வை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வெளிநாட்டு ஆலோசகர் கொண்டுவரும் வரைவை அப்படியே மொழிபெயர்ப்பதும் ஆபத்தானது. சோவியத் முறையில் ரயில்வே அமைச்சகமே விதி வகுத்தது, அதுவே சரக்கையும் ஏற்றிச் சென்றது. அந்த இரண்டு வேலைகளையும் பிரிக்காமல், தனியார் முகவருக்கும் சரக்கு ஏற்றுபவருக்கும் உள்ள உரிமைகளைப் பற்றி அழகான பிரிவுகளை எழுதினால், புகாரை விசாரிப்பவரும் புகாருக்கு ஆளானவரும் ஒருவராகவே இருப்பார்.

சட்டம் நிறைவேறிய நாளில் பழைய அமைச்சகச் சுற்றறிக்கைகளையும் பட்டியலிட்டு நீக்குங்கள். நள்ளிரவில் எல்லைச் சாவடியில் நிற்கும் அதிகாரியின் மேசையில் இருப்பது அந்தச் சுற்றறிக்கைதான். பெட்டியை விடுவதா நிறுத்துவதா என்று அவர் அதைப் பார்த்தே முடிவு செய்கிறார்.