தீவிரவாத திரில்லர் டிஸ்க்: வாங்கும்போதும் போடும்போதும் செய்யும் தவறுகள்

குண்டு வைக்கும் கும்பல் ஒரு அறைக்குள் உட்கார்ந்து ஏதோ மொழியில் நீளமாகத் திட்டம் போடுகிறது. திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. 'நமக்குப் புரியக்கூடாது என்றுதான் இயக்குநர் விட்டிருக்கிறார்' என்று நானே ஒரு படத்தை முழுக்க அப்படிப் பார்த்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் காட்சியில்தான் கதையின் முடிச்சே இருந்தது.

இந்த வகைப் படங்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். தியேட்டரில் வேற்று மொழி வசனத்துக்கான சப்டைட்டில் படத்தோடு ஒட்டியே வரும். டிஸ்க்கில் பெரும்பாலும் அது தனி டிராக். 'ஃபோர்ஸ்டு சப்டைட்டில்' என்பார்கள். பிளேயர் அதைத் தானாகப் போட வேண்டும். சில சமயம் போடாது, டப்பிங் ஆடியோவுக்கு மாறினால் காணாமலும் போகும். மெனுவில் ஒரே மொழி இரண்டு முறை இருந்தால், ஒன்று இந்த வசனங்களுக்கு மட்டுமானதாக இருக்கலாம். போட்டுப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையா? அந்தக் காட்சிக்கு மட்டும் முழு சப்டைட்டிலை ஆன் செய்யுங்கள்.

அடுத்தது, நீளத்தைப் பார்த்துப் பதறுவது. 120 நிமிடப் படம் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்கான டிவிடியில் 115 நிமிடம்தான் காட்டும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை அங்கே 25 ஃபிரேமில் ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். யாரும் கத்தரி வைக்கவில்லை. 'அன்ரேட்டட்', 'எக்ஸ்டெண்டட்' என்று அட்டையில் போட்டிருந்தால் அது வேறு கதை, தியேட்டரில் வராத காட்சிகள் இருக்கலாம். தியேட்டரில் பார்த்த அதே படம் வேண்டுமென்றால் பின் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டிஸ்க் எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று பூட்டும் ரீஜன் கோடிலும் ஒரு பொறி உண்டு. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது, சரி. ஆனால் அதே பெட்டியில் வரும் சாதா ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்ற பூட்டு இருக்கலாம். எக்ஸ்ட்ராக்கள் பல நேரம் அந்த டிஸ்க்கில்தான் கிடக்கும். அப்புறம், பிஎஸ்4 புரோ என்ற பிளேஸ்டேஷன் கேம் கன்சோலில் 4கே டிஸ்க் ஓடாது. பெயரில் 'புரோ' இருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

கண்ட்ரோல் ரூமில் கிசுகிசுக்கிறார்கள் என்று ஒலியைக் கூட்டுவோம், மறுநொடி கார் வெடித்து வீடே எழுந்துவிடும். ரிமோட்டோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. பிளேயரிலோ சவுண்ட்பாரிலோ பெரும்பாலும் 'நைட் மோடு' அல்லது 'டிஆர்சி' இருக்கும், மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும். டிவி ஸ்பீக்கரில் கேட்பவர்கள், டிஸ்க்கில் ஸ்டீரியோ டிராக் இருந்தால் அதற்கு மாறிப் பாருங்கள். வசனம் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

கையில் கேமராவோடு ஓடி எடுத்த துரத்தல் காட்சி டிவி சீரியல் போல வழவழவென்று தெரிகிறதா? குற்றம் டிஸ்க்குடையது அல்ல. ஃபிரேம்களுக்கு நடுவே புது ஃபிரேம்களைச் செருகும் டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டு அதே காட்சியை மறுபடி ஓட்டுங்கள்.