பிளந்த உலக்கையில் ஒரு கியர் நாப்

சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி, வெயிலில் நின்ற கார். மதுரையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஸ்டியரிங்கைத் துண்டு போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். கியரை எத்தனை முறை துண்டோடு மாற்றுவது? நாப் என்றால் கியர் கம்பியின் உச்சியில் நாம் பிடிக்கும் குமிழ். அலுமினிய நாப் உள்ளங்கையைச் சுடும். ரப்பர் மாதிரிப் பூச்சு பூசிய நாப் நாலைந்து கோடையைப் பார்த்தபின் வெல்லப்பாகாக ஒட்டும். மரமும் சூடாகும்தான், ஆனால் அந்தச் சூட்டைக் கைக்கு மெதுவாகத்தான் கொடுக்கும். என் காரில் இப்போது இருப்பது நானே செய்த மர நாப். ரம்பமும் அரமும் பிடிக்கத் தெரிந்தால் போதும், இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் நீங்களும் செய்துவிடலாம்.

உங்கள் வண்டிக்குப் பொருந்துமா?

ரிவர்ஸ் போடுவதற்கு நாபுக்குக் கீழே இருக்கும் வளையத்தைத் தூக்க வேண்டிய வண்டி என்றால் முதல் முயற்சிக்கு வேண்டாம். அழுத்திச் செருகிய பிளாஸ்டிக் நாப் என்றாலும் வேண்டாம், அந்தக் கம்பியில் மரையே இருக்காது. இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வருகிற நாப்தான் நமக்கு ஏற்றது.

கழற்றும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுங்கள். நாபைத் திருகும்போது கியர் நகர்ந்துவிடும், அதற்காகத்தான்.

இனி கம்பியின் மரையை அளக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரை மரையின் மேல் வைத்தால் விட்டம் தெரிந்துவிடும். பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு மரை முகடுகளுக்கு நடுவிலுள்ள தூரம் தெரிய, ஒரு முகட்டில் தொடங்கி பத்து மரை தள்ளியிருக்கும் முகடு வரை அளந்து பத்தால் வகுங்கள். 12.5 மி.மீ. வந்தால் பிட்ச் 1.25. ஹோண்டா கார்களில் பெரும்பாலும் 10 மி.மீ. விட்டமும் 1.5 பிட்சும், டொயோட்டாவில் 12 மி.மீ. விட்டமும் 1.25 பிட்சும் இருக்கும். ஆனாலும் யார் சொன்னதையும் நம்பிப் போகாமல் உங்கள் கம்பியை நீங்களே அளந்துவிடுங்கள்.

மரம்

தச்சுப்பட்டறையில் தேக்குத் துண்டு கேட்டால் கிடைக்கும். நான் எடுத்தது சோழவந்தான் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டுப் பரணில் கிடந்த உலக்கை. நெல் குத்திய காலத்து உலக்கை, ஒரு முனையில் பூண் கழன்று, ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. “பிளந்ததை எடுத்துக்கய்யா, நல்ல உலக்கை மேல ரம்பத்தை வச்சிராத” என்று சொல்லித்தான் கொடுத்தார். அதை நானும் உங்களுக்குச் சொல்கிறேன். புழக்கத்தில் இருக்கும் உலக்கையை அறுக்காதீர்கள்.

நாபுக்கு உலக்கையைவிட நல்ல மரம் எனக்குத் தோன்றவில்லை. பல வருஷம் பரணில் கிடந்து ஈரம் முழுதும் போயிருக்கும், இனிமேல் சுருங்கி வெடிக்காது. ஏற்கெனவே உருண்டை, சுமார் 6 செ.மீ. விட்டம். கை பிடித்துப் பிடித்து நடுப்பகுதி கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கும். விரிசல் ஓடாத இடமாகப் பார்த்து 65 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு அறுங்கள். அறுத்த முகத்தைத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கோடாக நிற்கும். அப்படியிருந்தால் வேறு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை புஷ்

புஷ் என்றால் மரத்துக்குள் பதிக்கும், உள்ளே மரை வெட்டிய குழாய்த் துண்டு. நாபுக்கு உயிர் இதுதான், வெளி அழகெல்லாம் பிறகு. நான் செய்த முதல் நாபில் மரத்திலேயே மரை வெட்டிவிட்டேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்து, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தபோது நாப் கையோடு வந்துவிட்டது. பின்னால் டவுன் பஸ். வெறும் கம்பியைப் பிடித்து எப்படியோ ஓரம் கட்டினேன். நாபுக்குள் பார்த்தால் மரை முழுதும் தூளாக உதிர்ந்திருந்தது. லேத் பட்டறை அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “மரத்துல மரை நிக்காது தம்பி, புஷ் போடணும்” என்றார். உலக்கைத் துண்டில் நாம் துளைப்பது நார் ஓடும் திசையிலேயே. அங்கே திருகு பிடிப்பு இன்னும் குறைவு.

லேத் பட்டறையில் இப்படிக் கேளுங்கள்: பித்தளையில் ஒரு புஷ், வெளி விட்டம் 17.5 மி.மீ., நீளம் 28 மி.மீ., உள்ளே உங்கள் கம்பியின் மரை, வெளிப்புறம் நர்லிங் (பசை பிடிக்கும்படி சொரசொரப்பான வரிகள்). மரைக்கு முன்னால் போடும் ஓட்டையின் கணக்கு எளிது, விட்டத்திலிருந்து பிட்சைக் கழிக்க வேண்டும். 10 மி.மீ. விட்டத்துக்கு 1.5 பிட்ச் என்றால் 8.5 மி.மீ. டிரில். கார் நாபையும், அதே மரையுள்ள ஒரு நீள போல்ட்டையும் கூடவே கொண்டுபோங்கள். அந்த போல்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், கடைசி வரை வேண்டும்.

மரத்தின் அடி முகத்தில் மையம் குறிக்க, ஒரு காகிதத்தில் அந்த முகத்தைச் சுற்றி வரைந்து வெட்டி, பாதியாக ஒரு தடவை, மறுபடி பாதியாக ஒரு தடவை மடியுங்கள். பிரித்தால் மடிப்புகள் வெட்டும் இடம்தான் மையம். அங்கே 18 மி.மீ. ஓட்டை, 30 மி.மீ. ஆழம். முதல் தடவை என்றால் மரத்தையும் லேத்திலேயே கொடுத்துத் துளைத்து வாங்குவது நல்லது. கை டிரில்லில் போடுவதாக இருந்தால் வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, பிட் சாய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒட்டுவதற்கு அரால்டைட். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், மெதுவாக இறுகும் வகையை இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்குங்கள். புஷ்ஷைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்குங்கள். போல்ட்டில் கிரீஸ் தடவி புஷ்ஷுக்குள் முழுதும் திருகிவிட்டால் பசை மரைக்குள் ஏறாது. புஷ்ஷின் வெளியிலும் ஓட்டையின் உள்ளேயும் பசை தடவி, திருகிக்கொண்டே இறக்கி, போல்ட் செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் முழுதும் தொடாதீர்கள்.

பசையை மட்டும் நான் நம்புவதில்லை. வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் ஏறும் சூட்டில் பசை இளகலாம். அதனால் பக்கவாட்டிலிருந்து 3 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டு, மரத்தைத் தாண்டி புஷ்ஷுக்குள் 2 மி.மீ. மட்டும் இறங்கவிட்டு, பசை தொட்ட பித்தளைக் கம்பியை அடித்து இறக்கிவிடுங்கள். கம்பி மரையைத் தொடக்கூடாது. அரம் போட்டபின் அது பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் பொட்டாகத் தெரியும். எனக்கு அந்தப் பொட்டு பிடித்திருக்கிறது.

உருவம்

எந்த உருவம் என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். விளாச்சேரியில் பொம்மைக் களிமண் ஒரு கைப்பிடி வாங்கி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கியர் கம்பியின் மேல் அப்பி, வழக்கமாகப் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள். கை கேட்கும் உருவம் களிமண்ணில் பதிந்துவிடும். எனக்கு வந்தது கோழிமுட்டை, அகன்ற பக்கம் மேலே.

இப்போது போல்ட்டை வைஸில் கடித்து, அதன் மேல் நிற்கும் மரத்தைச் சுற்றிச் சுற்றி மர அரத்தால் தேயுங்கள். ஓட்டை அரை மி.மீ. சாய்ந்திருந்தால்கூட, நாம் போல்ட்டை மையமாக வைத்துத் தேய்ப்பதால் நாப் நேராக வந்துவிடும். ஓட்டையை முதலிலும் உருவத்தைப் பிறகும் செய்யச் சொல்வது இதற்காகத்தான். உப்புத்தாள் 80, 150, 240, 400 என்ற வரிசையில்.

கியர் எண்களை மறக்காதீர்கள். மெக்கானிக்கோ மைத்துனரோ வண்டியை எடுத்தால் ரிவர்ஸ் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்னால் மரத்தைச் சுட்டே எழுதலாம். ஆனால் நாபை வண்டியில் ஒரு முறை இறுக்கிப் பார்த்து, எது முன்பக்கம் என்று பென்சிலால் குறித்தபின் எழுதுங்கள்.

மேல்பூச்சுக்கு டபுள் பாயில்டு லின்சீட் ஆயில். பழைய வேட்டித் துணியில் தொட்டுத் தேய்த்து, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு. அரக்கு பாலிஷ் வேண்டாம், சூட்டில் இளகும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுங்கள்.

மாட்டுவது

கம்பியில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றி நாபைத் திருகுங்கள். எண்கள் கோணலாக நின்றால் கீழே ஒரு லாக் நட்டு கொடுத்து நேராக்குங்கள். சூப்பர் க்ளூ போடவே கூடாது, பிறகு கழற்ற முடியாது. என்ஜின் அணைந்திருக்கும்போதே கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஒன்று, மூன்று, ஐந்தில் விரல் டாஷ்போர்டில் இடிக்கக்கூடாது. பிறகு அதிகாலையில் ரிங் ரோட்டில் ஒரு ஓட்டம். முதல் வாரம் தினமும் வண்டி எடுக்கும் முன் நாபை ஒரு தடவை கையால் அசைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.