நெகட்டிவில் கறையா? முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

நெகட்டிவை, அதாவது நீங்கள் கழுவி எடுத்த பிலிமை, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பளபளப்பான பக்கத்தில் வெள்ளை வளையங்கள் தெரிந்தால் அது தண்ணீர் காய்ந்து விட்டுப்போன உப்பு. மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்பும் சுண்ணாம்பும் இருப்பதால் இங்கே பெரும்பாலும் இதுதான் காரணம், ஆகவே பிலிமை மறுபடி ஊறவைத்துக் கழுவிவிட்டு, கடைசி அலசலை மட்டும் பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரில் செய்யுங்கள், துடைக்கவே வேண்டாம், படம் பதிந்திருக்கிற பூச்சான எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது கீறிவிடும்.

பிறை வடிவக் கறுப்புத் தடமா? கழுவுவதற்காகச் சுற்றிவைக்கும் ரீலில் ஏற்றும்போது பிலிம் மடிந்திருக்கிறது. அது போகாது.

நெகட்டிவில் வெளிறிய சிறு வட்டங்கள் காற்றுக்குமிழி செய்த வேலை. அடுத்த முறை, படத்தைத் தெரியவைக்கும் கரைசலான டெவலப்பரை ஊற்றியதும், பிலிம் இருக்கிற டாங்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பிலிம் பால்போல் மங்கலாக இருந்தால் பயமில்லை, படத்தை நிலைக்கவைக்கும் கரைசலான பிக்சரை (fixer) புதிதாக எடுத்து அதில் திரும்பப் போட்டால் தெளிந்துவிடும்.