விமானம் ரத்து, தாய்லாந்தில் தங்கும் தேதி முடிகிறது: நீட்டிப்பு வாங்குவது எப்படி

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்து ஓடுபாதையில் வெள்ளம் புகுந்தது. மறுநாள் காலைவரை ஒரு விமானமும் இறங்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதே நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. பாங்காக் பக்கமும் இது நடந்திருக்கிறது: 2008 நவம்பர் கடைசியில் போராட்டக்காரர்கள் சுவர்ணபூமி நிலையத்துக்குள் புகுந்து உட்கார்ந்ததால் சுமார் ஒரு வாரம் அங்கிருந்து யாரும் பறக்க முடியவில்லை. இப்படி மாட்டிக்கொள்ளும்போது பலர் செய்கிற தவறு ஒன்றுதான். விமானம்தானே ரத்தானது, நம் தப்பில்லையே, இமிகிரேஷன் புரிந்துகொள்ளும் என்று சும்மா இருந்துவிடுகிறார்கள்.

டிக்கெட் தேதிக்கும் தங்கும் அனுமதித் தேதிக்கும் சம்பந்தமே இல்லை. விமானம் நின்றாலும் அனுமதி நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 2020-ல் கொரோனாவின்போது மார்ச் 26 முதல் செப்டம்பர் 26 வரை எல்லோருக்கும் தானாகவே விலக்கு கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது நாடு முழுவதும் முடங்கியதால் அரசு அறிவித்த விலக்கு. ஒரு புயலுக்கோ ஒரு நிறுவனத்தின் விமானங்கள் ரத்தானதற்கோ அப்படி அறிவிப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். தேதி உயிரோடு இருக்கும்போதே நீட்டிப்பு வாங்கிவிட வேண்டும்.

முதலில் தேதியைப் பாருங்கள்

பாஸ்போர்ட்டில் வருகை முத்திரை குத்திய பக்கத்தைத் திறங்கள். எந்த நாள்வரை தங்கலாம் என்று அதிலேயே இருக்கும். அந்தத் தேதிதான் சட்டம். 2024 ஜூலை 15 முதல் இந்தியா, இலங்கை உட்பட 93 நாட்டாருக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதி வந்தது. இந்த நாள் கணக்கை அரசு அவ்வப்போது மாற்றும், அதனால் யூடியூபில் கேட்டதை நம்பாமல் உங்கள் முத்திரையை நம்புங்கள்.

விரல் விட்டு எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் தவறுகிறார்கள். இறங்கிய நாளும் கணக்கில் சேரும். மார்ச் 1 அன்று இறங்கியவருக்கு 60 நாள் என்றால் ஏப்ரல் 29 அன்று முடிகிறது, 30 அன்று அல்ல.

நள்ளிரவு விமானம் இன்னொரு பொறி. கடைசி நாள் 29 என்று வையுங்கள், விமானம் 30-ம் தேதி அதிகாலை 12.40-க்கு. 29-ம் தேதி இரவு 12 மணிக்கு முன்பே வெளியேறும் முத்திரை வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. செக்-இன் வரிசையில் நின்றுகொண்டே 12 மணி தாண்டினால் கணக்கில் ஒரு நாள் ஏறும்.

எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு செலவு

விசா விலக்கில் வந்தவருக்கும் சுற்றுலா விசாவில் வந்தவருக்கும் வழக்கமாக 30 நாள் நீட்டிப்பு கிடைக்கும். விமான நிலையத்தில் இறங்கியபின் வாங்கும் 15 நாள் விசாவில் வந்திருந்தால் பொதுவாக 7 நாள்தான். கட்டணம் ஆளுக்கு 1,900 பாட் (தாய்லாந்துப் பணம்). கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். நான்கு பேர் குடும்பம் என்றால் 7,600 பாட் எடுத்து வையுங்கள். கட்டிய பணம் திரும்பாது. மறுநாளே விமானம் கிடைத்தாலும் போனது போனதுதான்.

புதிய 30 நாள், நீங்கள் விண்ணப்பித்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. பழைய தேதி முடிந்த மறுநாளிலிருந்து சேர்கிறது. எனவே சீக்கிரம் போனால் நாள் வீணாகும் என்ற பயம் வேண்டாம். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு போவது நல்லது. கடைசி நாளில் போகிறவருக்கு ஒரு ஜெராக்ஸ் குறைந்தாலும் கதை முடிந்தது. அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரைதான், காலை 8.30 முதல் 12, பிறகு 1 முதல் 4.30. ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்கிரான் என்ற தாய்லாந்துப் புத்தாண்டு விடுமுறை, அதோடு வார இறுதியும் சேர்ந்தால் அலுவலகம் நாள்கணக்கில் பூட்டியே இருக்கும். காலண்டரைப் பார்த்து நாள் குறியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

டி.எம்.7 என்ற விண்ணப்பம். இமிகிரேஷன் இணையதளத்திலும் கிடைக்கும், அலுவலகத்திலும் கிடைக்கும். 4×6 செ.மீ. புகைப்படம் ஒன்று. நம் ஊர் பாஸ்போர்ட் போட்டோ அளவு வேறு, அதனால் அங்கேயே எடுத்துவிடுங்கள். அசல் பாஸ்போர்ட். அதில் விவரப் பக்கம், விசா இருந்தால் அந்தப் பக்கம், கடைசி வருகை முத்திரைப் பக்கம் ஆகியவற்றின் ஜெராக்ஸ். ஒவ்வொரு ஜெராக்ஸிலும் நீல மை பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் வருமுன் இணையத்தில் நிரப்பும் மின் வருகை அட்டையின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். 1,900 பாட் ரொக்கமாக.

விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் வரியில் ஆங்கிலத்தில் ஒரே வரி போதும்: விமானம் ரத்து, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கிறேன், இந்தத் தேதி. சாதாரண 30 நாள் நீட்டிப்புக்கு ரத்துச் சான்று கட்டாயமில்லை. ஆனாலும் விமான நிறுவன கவுன்டரில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர், முன்பதிவு எண், விமான எண், ரத்தான தேதி, மாற்று விமானத் தேதி ஐந்தும் அதில் இருக்க வேண்டும். குறுஞ்செய்தியில் இவை எல்லாம் இருக்காது. காப்பீட்டுப் பணம் கேட்கவும் இதே கடிதம்தான் உதவும். புதிய டிக்கெட்டின் அச்சுப் பிரதியும் இருந்தால் அதிகாரி மேற்கொண்டு கேள்வி கேட்பது குறையும்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. இவர்கள் ஒரே குடும்பமா என்று அதிகாரி கேட்டால் அதில் தப்பில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர், துணைவர் பெயர்கள் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்று கைபேசியில் இருந்தால் அதையும் அச்செடுங்கள். விண்ணப்பத்தில் பெயரை மின் வருகை அட்டையில் எப்படி எழுதினீர்களோ அதே வரிசையில் எழுதுங்கள். இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றினால் கணினியில் உங்கள் பதிவு கிடைக்காமல் நேரம் போகும்.

டி.எம்.30: பெரும்பாலோர் திரும்பி வரும் இடம்

வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால் வீட்டுக்காரரோ ஓட்டலோ 24 மணி நேரத்துக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1979-ம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 38-வது பிரிவு. அந்தப் பதிவுக்குப் பெயர் டி.எம்.30. உரிமம் பெற்ற ஓட்டல்கள் இதைத் தாமாகவே செய்துவிடும். நண்பர் வீடு, இணையத்தில் பிடித்த அடுக்குமாடி அறை ஆகியவற்றில் பெரும்பாலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். நீங்கள் எல்லாக் காகிதமும் சரியாகக் கொண்டுபோய் நின்றாலும், கணினியில் இந்தப் பதிவு இல்லை என்றால் போய் முடித்துவிட்டு வா என்பார்கள்.

போவதற்கு முந்தைய நாளே வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் இணையத்திலேயே பதிய முடியும், அதன் ரசீதை வாங்கி அச்செடுங்கள். அவர் இழுத்தடித்தால் பேசிக்கொண்டிருக்காமல் ஓர் உரிமம் பெற்ற ஓட்டலுக்கு மாறிவிடுங்கள். செக்-இன் செய்யும்போதே டி.எம்.30 பதிந்து ரசீது தரச் சொல்லுங்கள். ஓர் இரவு வாடகை, ஒரு வேலை நாளை இழப்பதைவிட மலிவு. விமானம் ரத்தான குழப்பத்தில் ஓட்டல் மாறியவர்கள், புது ஓட்டலின் பதிவு ஏறிவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள்.

எந்த மாகாணத்தில் தங்கியிருக்கிறீர்களோ அந்த மாகாண அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். புக்கெட்டில் தங்கிக்கொண்டு பாங்காக்கில் கேட்க முடியாது.

அலுவலகத்தில்

பாங்காக்கில் தங்கியிருப்பவர் போக வேண்டியது நகரின் வடக்கே செங் வத்தனா சாலையிலுள்ள அரசு வளாகத்தின் பி கட்டடம். டாக்சிக்காரரிடம் "சூன் ராட்சகான், செங் வத்தனா" என்றால் புரியும். இளஞ்சிவப்புத் தட மெட்ரோவும் அந்தப் பக்கம் போகிறது. பட்டாயாவில் தங்கியிருப்பவருக்கு ஜோம்தியன் அலுவலகம். சியாங் மாய்க்காரருக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

காலை 8 மணிக்கே போய் நில்லுங்கள். மதியம் ஒரு மணி நேரம் கவுன்டர் மூடும். 11 மணிக்கு மேல் போனால் சாப்பாட்டு இடைவேளையும் சேர்ந்து நாள் முழுதும் போகும். பெர்முடா, கையில்லாத சட்டை வேண்டாம், அரசு அலுவலகத்தில் அதை மதிப்புக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். முதல் மேசையில் காகிதங்களைச் சரிபார்த்து டோக்கன் கொடுப்பார்கள். ஓவர்ஸ்டே, அதாவது அனுமதித் தேதி தாண்டித் தங்குவதற்கான தண்டனை பற்றிப் படித்தேன் என்பது போன்ற ஓரிரு உறுதிமொழித் தாள்களிலும் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு பணம், பிறகு காத்திருப்பு. வேலை சரியாக நடந்தால் அன்றே புது முத்திரையோடு பாஸ்போர்ட் கைக்கு வரும். கவுன்டரை விட்டு நகரும் முன் புதுத் தேதியைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்துவது சுலபம், பிறகு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் வழக்கமாக 7 நாள் கொடுத்து அதற்குள் கிளம்பச் சொல்வார்கள். அந்த 7 நாளே பலருக்குப் போதும்.

வெளியே நிற்கும் தரகர்கள் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், நீங்கள் வரவே வேண்டாம், முத்திரையோடு தருகிறோம் என்பார்கள். கொடுக்காதீர்கள். விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும் என்பது விதி. போலி முத்திரை வெளியேறும்போதுதான் கண்டுபிடிக்கப்படும், அப்போது குற்றவாளி நீங்கள், தரகர் அல்ல.

தேதி தாண்டிவிட்டால்

ஓவர்ஸ்டே அபராதம் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. விமான நிலையத்தில் வெளியேறும்போது தானாகப் போய்க் கட்டினால், 90 நாளுக்குக் குறைந்த ஓவர்ஸ்டேக்கு மறுநுழைவுத் தடை இல்லை. 90 நாள் தாண்டினால் 1 வருடம், 1 வருடம் தாண்டினால் 3 வருடம் தடை. இந்த விதி 2016 மார்ச் 20 முதல் நடப்பில் உள்ளது.

மூன்று நாள் என்றால் 1,500 பாட்தானே, 1,900 கொடுத்து நீட்டிப்பு எதற்கு என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. அபராதம் கட்டுவது விமான நிலையம்வரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தவருக்குத்தான். அதற்கு முன் சாலைச் சோதனையிலோ ஓட்டல் சோதனையிலோ பிடிபட்டால் ஒரே நாள் ஓவர்ஸ்டே ஆனாலும் காவல், வெளியேற்றம், 5 வருடத் தடை வரை போகும். விமானம் மறுபடி தள்ளிப்போனால் அந்த ஆபத்தும் நாளுக்கு நாள் நீளும். ஏற்கெனவே தாண்டியிருந்தால் ரத்துக் கடிதத்தோடு அடுத்த வேலை நாளே இமிகிரேஷனுக்குப் போங்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாவிட்டால் இமிகிரேஷன் உதவி எண் 1178, சுற்றுலாக் காவல் 1155.

வெளியேறும் முத்திரை குத்தி உள்ளே போனபின் விமானம் ரத்தானால் குழப்பம் கூடும். விமான நிறுவன ஊழியர் உங்களைத் திரும்ப அழைத்துவருவார், அந்த முத்திரையை ரத்து செய்து வெளியே விடுவார்கள். அப்போது புதிய நாள் எதுவும் கிடைப்பதில்லை, பழைய தேதியே மறுபடி நடப்புக்கு வருகிறது. கடைசி நாளில் இது நடந்தால் அந்த இமிகிரேஷன் மேசையிலேயே பேச வேண்டும். ரத்துக் கடிதம் கையில் இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

விமானத் தடை வாரக்கணக்கில் நீண்டு, 30 நாளும் போதாது என்றால் அடுத்த வழி தூதரகக் கடிதம். இந்தியத் தூதரகம் பாங்காக்கில் சுகும்வித் சோய் 23-ல் இருக்கிறது, சியாங் மாயில் துணைத் தூதரகம் உண்டு. இலங்கைக்கும் பாங்காக்கில் தூதரகம் உள்ளது. மருத்துவமனையில் சேர்ந்து பயணம் தடைப்பட்டவர்களுக்கு இது வேறு வகை: மருத்துவர் எழுதும் சான்றோடு நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் தனியாக நீட்டிப்புக் கேட்கலாம்.

கடைசியாக, எல்லை தாண்டிவிட்டுத் திரும்பும் யோசனை. லாவோஸ் போய்வந்தால் புது முத்திரை கிடைக்குமே என்று நினைப்பவர்கள் மூன்றைப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு லாவோஸ் விசா தேவை. தரைவழியாக விசா விலக்கில் வருவது ஆண்டுக்கு இரண்டு முறைதான். கம்போடியா எல்லை 2025 ஜூலை மோதலுக்குப் பிறகு நம்பத் தகுந்த வழியாக இல்லை. நீட்டிப்பு வாங்கியபின் வெளியே போவதானால் கிளம்பும் முன்பே டி.எம்.8 விண்ணப்பத்தில் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும், ஒரு முறைக்கு 1,000 பாட். அது இல்லாமல் எல்லை தாண்டினால் 1,900 கொடுத்து வாங்கிய நாள்கள் அங்கேயே ரத்தாகிவிடும்.