எதற்குப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது

பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வந்தால் போதும், அன்றைக்கே பிள்ளைகளைத் தெருவில் இருந்து வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறோம். அதே சாயங்காலம் அதே பிள்ளையை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து, ஹெல்மெட் இல்லாமல், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறோம். முதலாவது புதிது, அதனால் பயம். இரண்டாவது தினமும் நடப்பது, அதனால் பயமே வருவதில்லை. 2018-இல் இப்படிப்பட்ட வதந்தியை நம்பித்தான் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். எடைபோடாத பயம் அந்த அளவுக்குப் போகும்.

சரி, எப்படி எடைபோடுவது? மூன்று விஷயங்களைப் பாருங்கள். தப்பாகிப்போனால் சரிசெய்ய முடியுமா, முடியாதா. பிள்ளை அந்த ஆபத்தின் பக்கம் எத்தனை தடவை போகிறது. தடுத்துவிட்டால் பிள்ளைக்கு எது கிடைக்காமல் போகும். மரத்தில் தாழ்வான கிளையில் ஏறினால் முட்டி சிராய்க்கும், மிஞ்சிப்போனால் கை உடையும், ஆறிவிடும். அப்படிப்பட்ட கிளையாகப் பார்த்து ஏற விடுங்கள், எந்தக் கிளை தாங்கும் என்பதை ஏறித்தான் கற்றுக்கொள்ள முடியும்.

தண்ணீர் அப்படி இல்லை. அதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். தவழும், நடக்கத் தொடங்கும் வயதில் உடம்பின் அளவுக்குத் தலை ரொம்பக் கனம். பக்கெட்டை எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, கத்தவும் முடியாது, பக்கத்து அறையில் இருப்பவருக்குச் சத்தமே கேட்காது. அதனால் குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள், பாத்ரூம் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். சென்னை மாதிரி ஊர்களில் அடுத்தது சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் லாரி வரும், மூடியைத் தூக்கி ஓரமாக வைத்து ஹோஸை உள்ளே விடுவார்கள், டிரைவருக்குப் பணம் எடுக்க நாம் உள்ளே போவோம், அந்த இரண்டு நிமிடம்தான் ஆபத்து. மூடி திறந்திருக்கும்வரை ஒரு பெரியவர் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக்கூடாது.

பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் நீச்சல் கற்றுக்கொடுங்கள், பெண் பிள்ளைகளுக்கும்தான். ஆனால் நீச்சல்குளத்தில் நீந்துகிற பிள்ளை காவிரியிலும் நீந்திவிடும் என்று நினைக்காதீர்கள், மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கோடை லீவில் ஊருக்கு அனுப்பும்போது கிணற்றுக்கும் ஆற்றுக்கும் கூட யார் போவது என்று தாத்தா வீட்டில் பெயர் சொல்லிப் பேசிவிடுங்கள். 'எல்லாரும் இருக்கோம், பார்த்துக்குவோம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்புறம் வண்டி. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்று 2022-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. ஹெல்மெட்டை மாட்டிவிட்டுப் பிள்ளையைத் தலையாட்டச் சொல்லுங்கள், தனியாக ஆடினால் அது அளவு இல்லை. பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுப்பதும் இதே கணக்குதான், பிடிபட்டால் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு.

கடைக்குத் தனியாக அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு, அனுப்பலாம், ஆனால் படிப்படியாக. ஒன்பது பத்து வயதுக்குள் வண்டி வரும் வேகத்தைச் சரியாகக் கணிக்கப் பிள்ளைகளால் முடியாது, அதனால் முதலில் ரோட்டைக் கடக்காமல் போகிற கடை. சில நாள் பிள்ளை முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள், வாய் திறக்காமல். எங்கே நிற்கிறது, எங்கே திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

தெரியாதவர்களிடம் பேசாதே என்று மட்டும் சொல்லி வளர்ப்பது போதாது. பிள்ளைகளிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். அதனால் மாமாவோ சாரோ யாராக இருந்தாலும் பிடிக்காவிட்டால் முத்தம் கொடுக்கவோ மடியில் உட்காரவோ வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் மனப்பாடம் செய்யவையுங்கள்.

வீட்டில் அம்மா ஒன்று சொல்ல அப்பா வேறு சொன்னால்? சரிசெய்ய முடியாத ஆபத்து என்றால் அதிகம் பயப்படுகிறவர் சொல்வதைக் கேளுங்கள். ஆறக்கூடிய அடி என்றால் தைரியமாக இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள். இதைப் பிள்ளை முன்னால் விவாதிக்காமல் முந்தைய இரவே பேசி முடித்துவிட்டால், மறுநாள் காலையில் தாத்தா பாட்டிக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியும்.